கடல்நீர்த் தொட்டியில் மீன்கள் சாகத் தொடங்கினால்

தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடப்பதைக் கண்டதும் பெரும்பாலோரின் கை மருந்துப் புட்டியைத்தான் தேடும். நன்னீர் மீன் வளர்த்துப் பழகிவிட்டுக் கடல்நீருக்கு வந்தவர்களிடம் இந்தப் பழக்கம் இன்னும் அழுத்தமாக இருக்கும். ஒரு கைப்பிடி கல்லுப்பு, 30 டிகிரிக்கு ஏற்றிய ஹீட்டர், நான்கு சொட்டு நீல மருந்து என்ற வைத்தியம் அங்கே அவர்களுக்குப் பல முறை பலித்திருக்கும். கடல்நீரில் அது பலிக்காது. உப்பிலேயே பிறந்து வாழும் ஒட்டுண்ணிக்கு இன்னொரு கைப்பிடி உப்பு ஒரு பொருட்டல்ல. 30 டிகிரி வெப்பத்திலும் அது சுகமாகவே இருக்கும், மூச்சுக்குத் திணறப்போவது மீன்தான். மருந்தை நேராகப் பிரதானத் தொட்டியில் ஊற்றினாலோ, நோய் தீருவதற்கு முன்பே இறாலும் நத்தையும் ஹெர்மிட் நண்டும் செத்து, அவற்றின் உடல்கள் அழுகி, இருக்கும் மீன்களுக்கு அம்மோனியா என்ற இரண்டாவது ஆபத்தையும் கொண்டுவந்து சேர்க்கும்.

ஆகவே இங்கே சொல்லப்போகும் முறையில் மருந்து மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. முதலில் சாவுக்குக் காரணம் நீரா, நோயா என்று பிரித்தறிய வேண்டும். நோய்தான் என்றால் எல்லா மீன்களையும் வெளியே எடுத்துத் தனித் தொட்டியில் வைத்து வைத்தியம் பார்க்க வேண்டும். மீன் இல்லாத பிரதானத் தொட்டியை 76 நாள் அப்படியே ஓடவிட வேண்டும். கேட்பதற்கு நீளமாகத் தோன்றும். குறுக்குவழியில் போய் ஒரே தொட்டியை மூன்று முறை நிரப்பிப் பார்த்தவன் என்ற முறையில், இதுவே குறைந்த செலவுள்ள வழி என்று தயங்காமல் சொல்வேன்.

முதல் ஒரு மணி நேரம்

செத்த மீனை உடனே எடுத்துவிட வேண்டும். எடுத்ததைக் குப்பையில் போட்டுவிடாமல், ஈரத் துணியில் சுற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, ஃப்ரீசரில் அல்ல, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். உறைந்த உடலில் எதையும் பார்க்க முடியாது. உறையாத உடலில் செவுளின் நிறத்தையாவது பார்க்கலாம். அதையும் சில மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும், ஏனெனில் மீன் செத்ததும் ஒட்டுண்ணிகள் உடலைவிட்டுப் புறப்பட்டுவிடும்.

அடுத்த வேலை காற்று. காரணம் எதுவாக இருந்தாலும் கூடுதல் காற்று கெடுதல் செய்யாது. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். அதே வெப்பத்தில் கடல்நீர் 7-க்கும் குறைவாகவே தாங்கும். சென்னையின் மே மாதத்தில் தொட்டி 30 டிகிரியைத் தொடும்போது அது 6 சொச்சத்துக்கு இறங்கிவிடும். எனவே ஒரு ஏர் ஸ்டோனை இறக்கி, நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்பான பவர்ஹெட் ஒன்றை நீர்மட்டம் கலங்கும்படி மேல்நோக்கித் திருப்பிவிட்டு, அதன் பிறகு டெஸ்ட் கிட்டை எடுக்கலாம். அம்மோனியா, நைட்ரைட், பிஎச், உப்பளவு, வெப்பநிலை ஆகிய ஐந்தையும் பார்த்து, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அம்மோனியா சிறிதளவு காட்டினாலும் அதை நன்னீர்க் கணக்கில் பார்க்கக் கூடாது. கடல்நீரின் பிஎச் 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், ஒரே அளவு அம்மோனியாவில் நச்சாக மாறும் பங்கு பிஎச் 7 உள்ள நன்னீரைவிடப் பல மடங்கு அதிகம். அப்படிக் காட்டினால், ஒரு நாளாவது கலக்கி ஓடவிட்ட புது உப்புநீரைக் கொண்டு, உப்பளவும் வெப்பமும் பொருந்தும்படி பார்த்து, மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை மாற்ற வேண்டும். இதற்காகவே மூடிபோட்ட ஒரு டிரம்மில் கலந்த உப்புநீர் எப்போதும் வீட்டில் இருப்பது நல்லது.

நீரா நோயா என்பதைப் பெரும்பாலும் சாவின் வரிசையே சொல்லிவிடும். இரவு நன்றாக இருந்த மீன்கள் விடியலில் எல்லாம் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நின்றால், அல்லது பெரிய மீன்களும் வேகமாக நீந்தும் மீன்களும் முதலில் போயிருந்தால், அது ஆக்சிஜன் குறைவு. இரவில் மின்சாரம் போயிருக்கிறதா, பம்ப் நின்று திரும்பவும் ஓடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீன்களோடு இறால்களும் நத்தைகளும் ஒரே மூச்சில் விழுந்தால், அது நஞ்சு. வீட்டில் அடித்த கொசு மருந்து, பெயின்ட், தரை துடைத்த ஃபினாயில் வாளியையே தொட்டிக்கும் பயன்படுத்தியது என்று இதற்குப் பல வாசல்கள் உண்டு. தெருவில் கொசு ஒழிப்புப் புகை அடிக்கும் மாலைகளில் நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, அறைக் காற்றை உறிஞ்சித் தொட்டிக்குள் செலுத்தும் ஏர் பம்ப்பையும், நீரின் அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரையும் அரை மணி நேரம் நிறுத்திவிடுவேன். பவர்ஹெட் மட்டும் ஓடும். கொசு மருந்துகளில் உள்ள பைரித்ராய்டு வகை வேதிப்பொருள்கள் மனிதனுக்குச் செய்வதைவிட மீனுக்கும் இறாலுக்கும் மிக அதிகக் கேடு செய்பவை. நஞ்சு என்று சந்தேகம் வந்தால் புது ஆக்டிவேட்டட் கார்பனும் பெரிய அளவு நீர் மாற்றமும்தான் வழி. மருந்து தேவையே இல்லை.

இறால்கள் தெம்பாக நடமாட, மீன்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால், அது நோய்.

மூச்சை எண்ணுதல்

நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். கைக்கடிகாரமும் பொறுமையும் போதும். மீன் ஓய்வாக நிற்கும்போது அதன் செவுள் மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ண வேண்டும். எல்லா மீன்களும் நலமாக இருக்கும் ஒரு நாளிலேயே எண்ணி எழுதி வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். என் கோமாளி மீன்கள் சாதாரணமாக 70-க்கும் 80-க்கும் இடையில் மூச்சுவிடும். அந்த எண் ஒருநாள் 130-ஐத் தாண்டியபோது, உடலில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நான் காத்திருந்தேன்.

அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும். பவுடர் ப்ளூ டாங் என்ற நீல நிறக் கடல்மீன் ஒன்றை வாங்கினேன். கடையில் நோரி என்ற கடற்பாசித் தாளைக் கிழித்துக் கிழித்துத் தின்றது, உடம்பு கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தது. தனித் தொட்டியில் வைக்கத் தேவையில்லை என்று நேராக விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் அது பவர்ஹெட்டின் எதிரே போய், நீரோட்டத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நீந்தத் தொடங்கியது. அந்த ஓட்டத்தை அது ரசிக்கிறது என்றுதான் நினைத்தேன். மறுநாள் கோமாளி மீன்கள் விளக்கைக் கண்டு பாறைக்குப் பின்னால் ஒதுங்கின, தீனி எடுக்கவில்லை. அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோதுதான் டாங்கின் முதுகில் மிக நுண்ணிய, மங்கிய பொன்னிறத் தூள் படிந்திருப்பது தெரிந்தது. ஏழு மீன்களில் ஆறு நான்கு நாட்களில் போயின. மிஞ்சியது மாண்டரின் மீன் ஒன்றுதான். அதன் உடலைப் போர்த்தியிருக்கும் தடித்த சளிப்படலம் அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

அந்தத் தூளுக்குப் பெயர் வெல்வெட் நோய். அமிலூடினியம் ஓசெல்லேட்டம் என்ற நுண்ணுயிரால் வருவது. அது முதலில் செவுளைப் பிடிப்பதால், தோலில் தெரிவதற்கு முன்பே மீன் மூச்சுக்குத் தவிக்கத் தொடங்கிவிடும். பலரும் இதனோடு குழப்பிக்கொள்வது கடல்நீர் வெள்ளைப்புள்ளி நோயை. அதற்குக் காரணம் கிரிப்டோகேரியான் இரிடன்ஸ் என்ற வேறோர் ஒட்டுண்ணி. சமையலறைக் கணக்கில் சொன்னால், வெள்ளைப்புள்ளி என்பது மீனின் மேல் ரவை ஒட்டியதுபோல் இருக்கும், ஒவ்வொரு மணியையும் எண்ணலாம். வெல்வெட் என்பது சலித்த மாவைத் தூவியதுபோல் இருக்கும், எண்ண முடியாது. வெள்ளைப்புள்ளியில் மீன் பாறையில் உடலை உரசும், ஆனால் பெரும்பாலும் தின்னும். உங்களுக்கு முடிவெடுக்கச் சில நாட்களாவது கிடைக்கும். வெல்வெட்டில் தீனியை விட்டுவிடும், உங்களுக்குக் கிடைப்பது மணிக்கணக்குதான். எது என்று தெளிவாகத் தெரியவில்லையென்றால் வெல்வெட் என்றே எடுத்துக்கொண்டு செயல்பட வேண்டும். தவறாகிப்போனாலும் இழப்பு ஒன்றுமில்லை.

மூன்றாவது ஒன்று, பெரும்பாலும் கோமாளி மீன்களிடம் வருவது. தோலிலிருந்து வெண்ணிறச் சளி திட்டுத் திட்டாக உரிந்து, கஞ்சி ஆடைபோலத் தொங்கும். புரூக்லினெல்லா ஹாஸ்டிலிஸ் என்ற ஒட்டுண்ணி இது. வெல்வெட்டைப்போலவே வேகமாகக் கொல்லும். ஆனால் வெல்வெட்டுக்கும் வெள்ளைப்புள்ளிக்கும் கொடுக்கும் செம்பு மருந்து இதை ஒன்றும் செய்யாது என்பதால் இதைத் தனியாக அடையாளம் காண வேண்டியிருக்கிறது. பச்சை குரோமிஸ் போன்ற மீன்களின் விலாவில் சிவந்த புண்ணை உண்டாக்கும் யூரோனீமா என்ற ஒட்டுண்ணியும் செம்புக்கு அடங்காது. அது தசைக்குள் இறங்கிவிட்டால் மீன் பிழைப்பது அரிது.

தனித் தொட்டி

வைத்தியத் தொட்டி அழகாக இருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் அழகாக இருக்கவே கூடாது. மணல், பாறை எதுவும் இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், மீன் ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. எல்போ, மேலே மூட ஒரு வலை ஆகியவை போதும். பாறையும் பவளமணலும் கால்சியம் கார்பனேட் ஆனதால் செம்பை உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் ஊற்றிய மருந்து எங்கே போயிற்று என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். கையிருப்பில் ஒரு ஸ்பாஞ்சைப் பிரதானத் தொட்டியின் வடிகட்டும் பெட்டியான சம்ப்பில் எப்போதும் போட்டு வைத்திருந்தால் அதில் பாக்டீரியா குடியேறியிருக்கும். புதிதாக வரும் மீனைத் தனியே வைக்க வேண்டிய நாளில் அதை எடுத்து மாட்டினால் அம்மோனியா ஏறாது. ஆனால் பிரதானத் தொட்டியிலேயே நோய் கண்டுவிட்ட பிறகு அந்த ஸ்பாஞ்சும் நோயுள்ள நீரில் கிடந்ததுதான். செம்பு மருந்து நிற்கப்போகும் தொட்டியில் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம்.

செம்பு மருந்தில் பெரும்பாலான விபத்துகள் கணக்கில்தான் நடக்கின்றன. தொட்டியின் அளவு என்று கடையில் சொல்வது விளிம்பு வரைக்குமான அளவு. மருந்துக்கு வேண்டியது உள்ளே இருக்கும் நீரின் அளவு. 60 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தொட்டியில் 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் 45 லிட்டர். 54 லிட்டர் தொட்டி என்று எண்ணி ஊற்றினால் ஐந்திலொரு பங்கு மருந்து கூடிவிடும். அடுத்த குழப்பம் மருந்தின் வகையில் வரும். வெறும் செம்பு சல்பேட் வகைக்கு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், அமைனோடு பிணைத்த வகைக்கு 0.5 மில்லிகிராம், கீலேட் செய்த வகைக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்குப் போட்டால், ஒரு பக்கம் நோய் தீராது, மறுபக்கம் மீன் தீர்ந்துவிடும். எனவே புட்டியின் மேலுள்ள தாளைப் படிக்காமல் மூடியைத் திறக்கக் கூடாது. உரக்கடையில் மலிவாகக் கிடைக்கும் மயில்துத்தமும் செம்பு சல்பேட்தானே என்று சிலர் கேட்பதுண்டு. அதன் தூய்மை உறுதியில்லை, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்ற நுண்ணிய அளவை வீட்டுத் தராசில் நிறுக்கவும் முடியாது, எனவே வேண்டாம் என்பதே என் பதில்.

மருந்தை ஒரே மூச்சில் முழு அளவுக்கு ஏற்றாமல், முதல் நாள் பாதியும் 48 மணி நேரம் கழித்து மீதியும் என்று ஏற்றுவது வழக்கம். வெல்வெட் என்றால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. முதலில் ஐந்து நிமிட நன்னீர்க் குளியல் கொடுத்து ஒட்டுண்ணியின் ஒரு பகுதியையாவது உதிர்த்துவிட்டு, புட்டியின் குறிப்பு அனுமதிக்கும் மிக வேகமான ஏற்றத்தைப் பின்பற்றலாம். செம்பின் அளவைத் தினமும் சோதிக்க வேண்டும். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் கிட்களில் கண் ஏமாற்றும் என்பதால், ஹன்னா போன்ற எண் காட்டும் சிறு கருவி கிடைத்தால் அந்தச் செலவு தகும். நீர் மாற்றும்போது 10 லிட்டர் எடுத்தால், உள்ளே போகும் 10 லிட்டருக்கும் அதே அளவு மருந்தை வாளியிலேயே கலந்துவிட வேண்டும். அளவு குறையாமல் 14 நாள் நின்ற பிறகு மீனை வேறொரு காய்ந்த, சுத்தமான தொட்டிக்கு மாற்றலாம். மாற்ற வேறு தொட்டி இல்லையென்றால் அதே தொட்டியில் 30 நாள் வைத்திருக்க வேண்டும். அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் கண்டிஷனர்கள் சில வகைச் செம்போடு சேர்ந்தால் அதை நஞ்சாக்கிவிடும் என்பதால், இந்த நாட்களில் அம்மோனியாவை நீர் மாற்றியே சமாளிப்பது பாதுகாப்பு.

நன்னீர்க் குளியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பயந்துபோய்ப் பாதியில் விடுபவர்களே அதிகம். ஆர்.ஓ. தண்ணீரை ஒரு கருநிற வாளியில் எடுத்து, தொட்டியின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, ஆப்ப சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு பிஎச் 8.2 அருகில் வரும்வரை கலக்கி, அரை மணி நேரம் காற்றூத வேண்டும். மீனை விட்டதும் அது சில வினாடிகள் துள்ளும், பிறகு ஒருபக்கம் சாய்ந்து படுத்துக்கொள்ளலாம். மூச்சு ஓடிக்கொண்டிருந்தால் அது சாகவில்லை. மூச்சு தடுமாறினால் மட்டும் உடனே எடுக்க வேண்டும். ஒட்டுண்ணியின் உடல் இந்தத் திடீர் மாற்றத்தைத் தாங்காமல் நீரை இழுத்து வெடித்துவிடும். மீனோ ஐந்து நிமிடம் தாங்கும். வாளியின் அடியில் எள்ளைப்போல வெண்மையான தட்டைத் துணுக்குகள் உதிர்ந்து கிடந்தால், அவை நியோபெனிடீனியா போன்ற தட்டைப்புழுக்கள். உயிரோடு மீனின் மேல் இருக்கும்போது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் என்பதால் தெரியாதவை, நன்னீரில் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றுக்கு பிராசிகுவான்டெல் மருந்தை லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் என்ற அளவில் போட்டு, முட்டைகளை அது கொல்லாது என்பதால் 5 முதல் 7 நாள் கழித்து மீண்டும் ஒருமுறை போட வேண்டும்.

புரூக்லினெல்லாவுக்கு ஃபார்மலின் குளியல். கடையில் கிடைக்கும் 37 சதவிகித ஃபார்மலினை 10 லிட்டர் கடல்நீருக்கு 1.5 மில்லி என்ற அளவில் கலந்து, பலமாகக் காற்றூதி, மீனைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தபடி 30 முதல் 60 நிமிடம் வைக்கலாம். குளியல் முடிந்ததும் பழைய தொட்டிக்கல்ல, புது நீருள்ள தொட்டிக்கு மாற்ற வேண்டும். ஃபார்மலின் நீரின் ஆக்சிஜனைக் குறைக்கும், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது. கையுறையும் திறந்த மாடியும் இல்லாமல் இதைத் தொடக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் புட்டியைப் பூட்டி வைக்க வேண்டும். புட்டியின் அடியில் வெண்மையாகப் படிந்திருந்தால் அந்த மருந்து மீனுக்கு நஞ்சு.

வெள்ளைப்புள்ளிக்கு மருந்தே இல்லாத ஒரு வழியும் உண்டு, எனக்கு அதுவே பிடித்தமானது. மீனின் மேல் இருக்கும் ஒட்டுண்ணி மூன்று முதல் ஏழு நாளில் தானாகக் கழன்று, தரையில் ஒட்டிக் கூடாகி, குறைந்தது மூன்று நாள் கழித்தே நூற்றுக்கணக்கான குஞ்சுகளை வெளியே விடும். எனவே அந்தக் கூடு உடைவதற்கு முன்பே, ஒவ்வொரு 72 மணி நேரத்துக்கும் மீனைப் புது நீருள்ள வேறு தொட்டிக்கு மாற்றிக்கொண்டே போனால், முதல் நாள், 4, 7, 10, 13 ஆகிய நாட்களில் தொட்டி மாறி முடியும்போது ஒட்டுண்ணி முழுவதும் பின்னால் தங்கிவிட்டிருக்கும். இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள் போதும். காலியானதைக் கழுவி மாடியில் வெயிலில் நன்றாகக் காயவைத்தால் கூடுகள் அழிந்துவிடும். நம் ஊரில் இதற்கு மட்டும் பஞ்சமில்லை. வெல்வெட்டின் வாழ்க்கைச் சுற்று இந்தக் கணக்குக்குள் அடங்காது என்பதால் அதற்கு இந்த முறையை நம்பக் கூடாது.

76 நாள்

மீனெல்லாம் வெளியே வந்த பிறகு பிரதானத் தொட்டி நோயற்றதாகத் தோன்றும். ஆனால் பாறையிலும் மணலிலும் கூடுகள் காத்திருக்கும். பெரும்பாலான கூடுகள் நான்கு வாரத்துக்குள் உடைந்துவிடும் என்றாலும், 72 நாள் கழித்து உடைந்த கூடுகளும் ஆய்வில் பதிவாகியிருக்கின்றன. அதோடு குஞ்சு மீனைத் தேடி அலையும் இரண்டு நாளைச் சேர்த்து, கொஞ்சம் கூடுதலாக வைத்துத்தான் 76 என்ற எண் வந்தது. இந்த நாட்களில் இறாலும் நத்தையும் உள்ளேயே இருக்கலாம், அவற்றுக்குச் சிறிது தீனியும் போட வேண்டும். பாக்டீரியாவுக்கும் அதுவே உணவு. மீன் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பாறை இடுக்கில் ஒளிந்த ஒரு சிறு கோபி மீனைப் பிடிக்க முடியவில்லை என்று விட்டுவிட்டால், 76 நாளும் வீண்.

இந்தக் காலத்தில் தோற்றுப்போகிறவர்கள் பெரும்பாலும் கையால் தோற்கிறார்கள். இரண்டு தொட்டிக்கும் ஒரே வலை, ஒரே சைஃபன் குழாய், துடைக்காத ஈரக்கை. நான் வைத்தியத் தொட்டிக்கான சாமான்கள் அனைத்திலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். வீட்டில் யார் எடுத்தாலும் குழப்பம் வராது. வெல்வெட் காற்றில் பறக்கும் நீர்த்திவலைகளின் வழியாகவும் பரவும் என்பது நிறுவப்பட்ட செய்தி. ஆகவே குமிழி தெறிக்கும் வைத்தியத் தொட்டியைப் பிரதானத் தொட்டியின் அருகிலேயே வைக்காமல், கூடுமானால் வேறோர் அறையில் வைக்க வேண்டும்.

பூண்டுச் சாறு, சுத்தம் செய்யும் இறால், யு.வி. விளக்கு ஆகியவை இந்த 76 நாளுக்கு மாற்று என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், நம்ப வேண்டாம். பூண்டு மீனுக்குப் பசியைத் தூண்டலாம், யு.வி. தன் வழியாகப் போகும் நீரிலுள்ள குஞ்சுகளைக் குறைக்கலாம். இரண்டும் தோலுக்கடியில் இருக்கும் ஒட்டுண்ணியைத் தொடுவதில்லை. அதேபோல, துடுப்பின் நுனியில் காலிஃப்ளவர்போல வெண்மையாகத் திரளும் லிம்ஃபோசிஸ்டிஸுக்குப் பதறி மருந்து போடவும் வேண்டாம். அது வைரஸால் வருவது, மருந்து கிடையாது, நல்ல தீனியும் அமைதியும் கிடைத்தால் சில வாரங்களில் தானாக உதிர்ந்துவிடும்.

பிழைக்காத மீன்

சில மீன்கள் பிழைக்காது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். மல்லாந்து கிடந்து, கண் அசைவும் நின்று, செவுள் மட்டும் துடிக்கும் மீனை நாள் முழுவதும் அப்படி விடுவது கருணையல்ல. பல்வலிக்கு வாங்கி வைத்திருக்கும் கிராம்புத் தைலமே இதற்குப் போதும். தொட்டி நீரில் ஒரு லிட்டரைப் பாத்திரத்தில் எடுத்து மீனை அதில் விட வேண்டும். ஒரு சிறு புட்டியில் வெதுவெதுப்பான நீரோடு 10 சொட்டுத் தைலத்தைப் பால் நிறம் வரும்வரை குலுக்கி, அதை மெல்ல மெல்ல ஊற்ற வேண்டும். மீன் முதலில் மயங்கும், பிறகு மூச்சு நிற்கும். மூச்சு நின்ற பின்னும் குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் அதிலேயே விட்டுவைத்தால்தான் சாவு உறுதி. உயிரோடு ஃப்ரீசரில் வைப்பது, கழிவறையில் விடுவது இரண்டும் கூடாது.

செத்த மீனையும் தொட்டி நீரையும் கடலில் கொட்டக் கூடாது; பிழைத்த மீனையும்தான். பெசன்ட் நகரிலோ ராமேஸ்வரத்திலோ கடலில் விட்டால் புண்ணியம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நம் தொட்டியில் உள்ள மீன்களில் பல வேறு கடல்களைச் சேர்ந்தவை. அவற்றோடு அவற்றின் நோயும் போகும். பசிபிக்கைச் சேர்ந்த லயன் மீன் ஃப்ளோரிடாவிலும் கரீபியக் கடலிலும் பெருகி அங்கே உள்ள சிறு மீன்களைத் தின்று தீர்ப்பது இப்படித் தொடங்கியதுதான். செத்த மீனைக் காகிதத்தில் சுற்றி, நாயோ பூனையோ தோண்டாத ஆழத்தில் புதைப்பதே சரி.

புது மீன்

வைத்தியத் தொட்டியைக் கழுவி அடுக்கிவிடாமல் அதையே இனி வரும் மீன்களுக்கான வாசலாக வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மீனும் 30 நாள் அதில் இருந்த பிறகே உள்ளே போகும் என்பதில் விதிவிலக்கு வேண்டாம். கடையில் தின்றது, கடைக்காரர் தெரிந்தவர், கடையிலேயே இரண்டு வாரம் இருந்தது என்பவை விதிவிலக்கு அல்ல. மீன் வந்த பையின் நீரை மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகக் கலப்பதும் தவறு. நீண்ட பயணத்தில் பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருப்பதால் அங்கே சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகக் கொல்லாமல் இருக்கும். பையைத் திறந்ததும் பிஎச் ஏறி, அதே அம்மோனியா நஞ்சாக மாறத் தொடங்கிவிடும். எனவே பையின் உப்பளவை முதலில் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, தனித் தொட்டியின் நீரை அதற்கு ஏற்றபடி முன்பே வைத்திருந்து, வெப்பம் ஒன்றானதும் மீனை மட்டும் எடுத்து விட்டுவிட வேண்டும். கடைகள் பலவும் உப்பளவைக் குறைத்தே வைத்திருக்கும், அதை 1.025 ஒப்படர்த்திக்கு ஏற்றுவது பிறகு நாளுக்கு 0.002 என்ற வேகத்தில் நடக்கட்டும்.

தேர்வு செய்ய இடமிருந்தால், வளர்ப்பில் பிறந்த கோமாளி மீனை வாங்குவது நல்லது. மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலைய மையத்திலும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் இவற்றை இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து தொட்டியையே அறிந்தவை என்பதால் உருண்டைத் தீனியைத் தயங்காமல் எடுக்கும், கடலின் ஒட்டுண்ணிகளையும் பெரும்பாலும் கொண்டுவருவதில்லை. மன்னார் வளைகுடாவில் பிடித்தது என்று சொல்லி யாராவது கடற்குதிரையோ உயிருள்ள பவளமோ கொண்டுவந்தால் தொடவே வேண்டாம். 2001-ஆம் ஆண்டு முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

77-ஆம் நாள் மீன்களைத் திரும்ப விடும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் விட வேண்டாம். பாக்டீரியா இத்தனை நாள் ஓரிரு இறாலின் கழிவுக்கே பழகியிருக்கும். சாதுவான சிறிய மீன்கள் முதலில், ஒரு வாரம் கழித்து அடுத்தவை, இடத்துக்குச் சண்டை போடும் டாங் கடைசியில். விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். அன்று தீனி சிறிது போதும். மறுநாள் காலை அம்மோனியாவைப் பார்த்து, ஒவ்வொரு மீனின் மூச்சையும் எண்ணி, அந்த எண்களைப் பழைய நோட்டிலேயே அடுத்த வரியில் எழுதி வையுங்கள்.